இடப்பக்கக் கதவு

டார்ச்சை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு என்கிறார் என் வீட்டுக்காரர், இறக்குகிறேன், வெளிச்சம் கார்க் கதவின் வயிற்றுக்குள் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப் பெயின்டும் பாலீஷுமாகக் கெட்டியாக நிற்கிற கதவு, உள்பக்கத்து அட்டையைக் கழற்றிவிட்டால் இவ்வளவுதான், ஒரு கம்பி, ஒரு பல்சக்கரம், கண்ணாடி ஏறி இறங்கும் தண்டவாளம், அடியில் யார் எப்போது போட்டதோ ஒரு பஸ் டிக்கெட், காய்ந்த புளியங்கொட்டை ஒன்று. மனுஷர்களையும் இப்படி ஒரு பக்கம் கழற்றிப் பார்க்க முடிந்தால், என்று தொடங்கி, வேண்டாம், முடியாமல் இருப்பதே நல்லது என்று நிறுத்திக்கொள்கிறேன். மணி இரண்டரை. பாப்பா இரண்டு மணிக்குத் தூங்கினாள், நாலு வரைக்கும் தூங்குவாள், அதற்குள் இடப்பக்கக் கதவுக்குப் புதுப் பிடி போட்டாக வேண்டும், நாளை விடிகாலை குருவாயூர் கிளம்புகிறோம். பாப்பாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, சோறூட்டு. கோயமுத்தூரில் பாதிப் பேர் குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட அங்கேதான் போகிறார்கள், அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் அங்கேதான் ஊட்டினார்களாம், அதனால் பாப்பாவுக்கும். பின்சீட்டில் அத்தையும் அக்காவும், முன்சீட்டில் இவரும் நானும், என் மடியில் பாப்பா, என் இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் இந்தக் கதவு. மூன்றரை மணி நேரம். போக மூன்றரை, வர மூன்றரை. இந்தக் கணக்கை நேற்று ராத்திரியிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன், எப்படிப் போட்டாலும் ஏழுதான் வருகிறது. “என்ன வினோ, லைட்டு ஆடுது, தூக்கமா” என்கிறார். இல்லைங்க என்கிறேன். ஜன்னல் கண்ணாடி சுற்றுகிற கைப்பிடியைக் கழற்றும்போதுதான் என்னைக் கூப்பிட்டார், அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வளையத்தை அட்டையோடு சேர்த்து அமுக்க வேண்டும், இன்னொருவர் அதன் பின்னால் தெரிகிற குண்டூசியளவு இரும்புத் துண்டைக் குத்தி வெளியே தள்ள வேண்டும், பட்டறையில் இரும்பு கடைகிற அவர் விரல்கள் அந்த இடுக்கில் நுழையாது, என் விரல் நுழைந்தது. கையில் விழுந்த அந்தத் துண்டை ஒரு மூடியில் போட்டு வைக்கச் சொன்னார். “பத்திரம், அது தொலைஞ்சா கோயமுத்தூர் பூராத் தேடினாலும் கெடைக்காது.” போட்டேன். உடனே, பாப்பா இதை விழுங்கிவிட்டால் என்று வந்தது. பாப்பா வீட்டுக்குள் தொட்டிலில் தூங்குகிறாள், மூடி இங்கே ஷெட்டில் அலமாரி மேல் இருக்கிறது, நடுவில் ஒரு முற்றம், ஒரு கதவு, ஆனாலும் வந்தது, வந்தால் அது சும்மா வருவதில்லை, படமாக வருகிறது, அதில் மூடியைப் பாப்பா பக்கம் நகர்த்துகிற கை யாருடையது என்று எனக்குத் தெரிகிறது, வளையல் தெரிகிறது.

ஏழு வாரத்துக்கு முன்னால் என்றால் அன்றைக்குப் பாப்பாவுக்கு ஐந்து மாதம். சத்தியமங்கலத்தில் அம்மா வீட்டிலிருந்து என்னையும் பாப்பாவையும் அழைத்துவர இவர் இந்த வண்டியில்தான் வந்தார், ஹெரால்ட், அறுபத்தி ஆறாம் வருஷத்து மாடல், இரண்டே கதவு, பின்சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன்சீட்டை மடக்கி நுழைய வேண்டும். நான் பிரசவத்துக்குப் போயிருந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் சரி பண்ணினாராம், பொண்ணு முதல்முதலா வீட்டுக்கு வர்றது இதுலதான் வரணும் என்று. அப்பா மாலை போட்டார், அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். வீட்டு வாசலில் ஆரம்பித்த பாப்பாவின் அழுகை கடைவீதி தாண்டியும் நிற்கவில்லை. பால் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், தோளில் வேண்டாம், மடியில் வேண்டாம். அழுகைகூட இல்லை அது, ஒரே ஸ்வரத்தில் போகிற ஒரு சத்தம், ஐந்து மாதமாக ராத்திரி பகலாகக் கேட்டுக் கேட்டு, அது நின்ற பிறகும் என் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற சத்தம். பவானிப் பாலத்தில் வண்டி ஏறியது. தண்ணீர் நிறைய, பழுப்பாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கதவைத் திற. யாரோ சொன்ன மாதிரி இல்லை, குரல் எதுவும் கேட்கவில்லை, அப்படிக் கேட்டிருந்தால் பைத்தியம் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். என் நினைப்புத்தான், கடையில் சீரகம் வாங்க வேண்டும் என்று நினைப்பது போல அவ்வளவு சாதாரணமாக, கதவைத் திற, சத்தம் நின்றுவிடும். தண்ணீரில் விழ மாட்டோம், நடுவில் கைப்பிடிச் சுவர் இருக்கிறது, பின்னால் லாரி வருகிறது, இதெல்லாம்கூட அப்போதே தெரிந்தது. வலது கையால் பாப்பாவை அணைத்திருந்தேன். இடது கை போனது. பிடித்தது. இழுத்தது. பொட்டென்று ஒரு சத்தம், கை முழங்கையோடு வந்து என் விலாவில் இடித்தது, பார்த்தால் கதவு மூடியபடியே இருக்கிறது, கையில் ஒரு பிடி இருக்கிறது, இரண்டு பக்கமும் ஆணி தொங்குகிறது. பாப்பா அழுகையை நிறுத்தியிருந்தாள். பிடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் பாலம் தாண்டி ஓரம் கட்டினார், பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ, என் தப்பு வினோ. பழைய நட்டு துருப்புடிச்சிருந்துச்சு, மரத்துக்குப் போடற ஆணியப் போட்டு ஒப்பேத்தி வெச்சேன். கையில பட்டுச்சா? நல்லவேளை, நீ சாஞ்சுட்டிருக்கும்போது வராம இருந்துச்சே.” நல்லவேளை. நான் அந்தப் பிடியைக் கோயமுத்தூர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் அதைக் கதையாக்கினார். முதலில் அத்தையிடம், பிறகு அக்காவிடம், பிறகு பாப்பாவைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரிடமும். அக்கா வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னைப் பயில்வான் என்றுதான் கூப்பிடுகிறார். “வாங்க பயில்வான், எங்கூட்டுக் கதவெல்லாம் கெட்டியா இருக்குது, கொஞ்சம் பாத்து இழுங்க.” நானும் சிரிப்பேன். ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் அது இன்னும் கொஞ்சம் கெட்டியாகிவிடுகிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாக்கியம். இப்போது ஏழு வாரத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“ஆணி குடு” என்கிறார், கொடுக்கிறேன், “அதில்ல, நீளமானது,” கொடுக்கிறேன். கதவுத் தகரத்தின் உள்பக்கம் ஒரு பட்டை வைத்து ரிவெட் அடித்திருக்கிறார், காலணா கனத்துக்கு ஸ்டீல், அவரே வெட்டி அவரே துளை போட்டது, இரண்டு துளையிலும் ஆணி திருகி நிற்க மரை போட்டிருக்கிறார். உக்கடத்தில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கியும் இந்த வண்டியின் பிடி கிடைக்கவில்லை, வேறு ஏதோ வண்டியுடையது ஒன்று கிடைத்தது, அதன் கம்பியை மட்டும் எடுத்து, சீட் தைக்கிறவரிடம் கொடுத்து ரெக்சின் சுற்றித் தைத்து வாங்கி வந்தார், காப்பிப்பொடி நிறத்தில், ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் நன்றாக இருக்காது என்று இரண்டு கதவுக்கும் சேர்த்து ஜோடியாக. “இனி யானை புடிச்சு இழுத்தாலும் வராது” என்கிறார் பட்டையைத் தட்டிக்காட்டி. யானை இழுக்காது. எனக்கு வாய் வரைக்கும் வருகிறது. இந்த ஏழு வாரத்தில் எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்திருக்கிறது. வண்டியில் போகும்போதெல்லாம் நான் பின்சீட்டு என்றேன், பால் கொடுக்க வசதி என்றேன், உண்மை என்னவென்றால் பின்சீட்டில் கதவே கிடையாது, முன்சீட்டை யாராவது மடக்கினால்தான் வெளியே வர முடியும், அதற்குள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது. வீட்டில் அப்படி ஒரு இடம் இல்லை. பாப்பா பக்கத்தில் இருந்தால் அரிவாள்மணை எடுக்க மாட்டேன், அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற மாட்டேன், குளிப்பாட்ட மாட்டேன், தண்ணீரும் அவளும் நானும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. “கான்வென்ட்டுல படிச்ச புள்ள, இங்கிலீசு பேசத் தெரியுது, பெத்த கொழந்தைக்குத் தண்ணி வாக்கத் தெரியல” என்று அத்தை பக்கத்து வீட்டில் சொன்னாள், என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள், எனக்கு அதில் கோபமே வரவில்லை, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், சோம்பேறி என்று நினைக்கட்டும், அழகு போய்விடும் என்று பயப்படுகிறாள் என்று நினைக்கட்டும். அம்மாவிடம் ஒரு தடவை போனில், பயமா இருக்கும்மா என்றேன், எல்லாப் பொண்ணுகளுக்கும் இருக்கும் கண்ணு, திருநீறு பூசிட்டுப் படு என்றாள். நாங்கள் அப்போது இருந்த குன்னூரில், கான்வென்டில் சிஸ்டர் பெனடிக்டா மாரல் சயின்ஸ் வகுப்பில் போர்டில் மூன்று கட்டம் போடுவார், நினைப்பில் செய்த பாவம், சொல்லில் செய்த பாவம், செயலில் செய்த பாவம், நாங்கள் நோட்டில் அதே மாதிரி மூன்று கட்டம் போட்டு உதாரணம் எழுத வேண்டும். நான் எழுதிய உதாரணங்களுக்கு எப்போதும் நல்ல மார்க். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நினைத்தேன், அது முதல் கட்டம். கை போனது, பிடித்தது, இழுத்தது, அது மூன்றாவது. கதவு திறக்கவில்லை, அப்படியானால் மறுபடி முதலா? இவர் மர ஆணி போட்டு ஒப்பேற்றி வைத்ததால் நான் முதல் கட்டத்திலேயே நிற்கிறேனா? மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் வரிசையாகக் கோயிலுக்குப் போவார்கள், செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனம், நாங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து கர்ச்சீப் ஓரம் தைப்போம். போகும்போது ஒரு முகம், வரும்போது ஒரு முகம், எனக்கு அது பொறாமையாக இருக்கும். ஜெசிந்தாவைக் கேட்டேன், என்னடி சொன்னே. தம்பியைக் கிள்ளினேன்னு சொன்னேன் என்றாள். நான் கிள்ளினால் நான் யாரிடம் சொல்வது என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னாள், நீங்கதான் ஹிண்டுஸ் ஆச்சே, உங்களுக்கெல்லாம் வேண்டியதில்லை.

அட்டையைத் தூக்கி வைக்கிறோம், அவர் ஒரு முனை, நான் ஒரு முனை, கிளிப்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போகிற சத்தம், டக், டக், கதவு மறுபடி கதவாகிவிட்டது. கண்ணாடி சுற்றுகிற கைப்பிடி முதலில், மூடியிலிருந்து அந்த இரும்புத் துண்டை எடுத்துக் கொஞ்சம் கிரீஸ் தொட்டு நானே நுழைத்தேன், உள்ளே போய்விட்டது, இனி பாப்பா அதை விழுங்க முடியாது, ஒன்று குறைந்தது. பிறகு முன்பக்கம் கதவைத் திறக்கிற லீவர், அதைத் தள்ள வேண்டும், தள்ளினால் தாழ் விடும். கடைசியாகத்தான் பிடி, அது நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் முழங்கைக்குப் பக்கத்தில். ஏறி உட்கார்ந்தபின் கதவை உள்பக்கம் இழுத்துச் சாத்துவதற்கு. சாத்துவதற்கு மட்டும். இது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், ஏழு வாரம் தெரியாது. இன்றைக்கு அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி இது எதற்கு, அது எதற்கு என்று தானாகப் பேசிக்கொண்டே போனபோது டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கிய கார் எங்கள் அப்பாவுடையது, அதில் இந்த இடத்தில், அளந்து வைத்த மாதிரி இதே இடத்தில்தான், கதவைத் திறக்கிற கொக்கி இருக்கும், தன் பக்கம் இழுத்தால் திறக்கும். பள்ளிக்கூட வாசலில் அப்பா நிறுத்துவார், நான் பார்க்காமலேயே கையை விட்டு இழுப்பேன், திறக்கும், இறங்கி ஓடுவேன். பத்து வருஷம். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை அங்கேதான் போகும். அன்றைக்குக் கை அங்கேதான் போனது. இந்த வண்டியில் அந்த இடத்தில் வேறொன்று இருந்தது. எங்கள் அப்பாவின் காராக இருந்திருந்தால். அதற்கு மேல் நினைக்க மாட்டேன், நினைக்காமல் இருக்க முடியவில்லை, அப்பாவின் காராக இருந்திருந்தால் பாலத்தின் மேல், பின்னால் லாரி, பாப்பா அன்றைக்குப் போட்டிருந்த மஞ்சள் சட்டை. “ஆச்சு” என்கிறார் அவர், கடைசி ஆணியை முடுக்கிவிட்டு, உள்ளங்கையால் நெற்றியைத் துடைக்கிறார், நெற்றியில் கறுப்பாக ஒரு கோடு விழுகிறது. சந்தோஷமாக இருக்கிறார். சின்ன வேலையானாலும் முடிந்துவிட்டால் அவருக்கு முகம் விரிந்துவிடும். “ஏறி உக்காரு. கதவைச் சாத்து. நாளைக்கு உக்கார்ற மாதிரியே உக்காரு.” உட்காருகிறேன். வெளியிலிருந்து அவரே கதவைச் சாத்துகிறார், ஜன்னல் வழியாகக் குனிந்து பார்க்கிறார். “இப்ப இழுத்துப் பாரு. சும்மா தொட்டுப் பாக்காத, அன்னைக்கு இழுத்தியே, அந்த மாதிரி இழு.”

கை போகவில்லை. மடியில் கிடக்கிறது. நான் சொல்கிறேன், அதற்குச் சொல்கிறேன், போ, தொடு, ஒரு ரெக்சின் பிடி, உன் வீட்டுக்காரர் உனக்காகச் செய்தது, வண்டி ஷெட்டில் நிற்கிறது, மடியில் யாரும் இல்லை. போகவில்லை. “என்ன வினோ” என்கிறார், “பயில்வான் பயப்படறாப்ல இருக்குது.” சிரிக்கிறார். நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை, சிரிப்பு எங்கே இருந்து எடுப்பது என்று மறந்துவிட்டது போல இருக்கிறது, அந்த இடத்தில் வாக்கியம்தான் இருக்கிறது, வந்துவிடுகிறது. அன்னைக்கு நான் கதவைத் திறக்கப் பாத்தேனுங்க என்கிறேன். “எப்ப?” பாலத்து மேல. “வண்டி ஓடிட்டிருந்துச்சே.” ஆமாங்க. “தூக்கக் கலக்கத்துலயா?” இல்லைங்க, முழிச்சுத்தான் இருந்தேன். “பாப்பா உன் மடியில...” ஆமாங்க, பாப்பா மடியிலதான் இருந்தா, பாப்பா சத்தம் நிக்கணும்னு தோணிச்சு. அவர் ஜன்னலில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார். எடுத்து அதை என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டியில் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அடுத்த ஏழு வாரத்துக்கு மூடிக்கொள்ளும், அரிவாள்மணையைச் சொல்கிறேன், மாடிப்படியைச் சொல்கிறேன், குளிப்பாட்டுவதைச் சொல்கிறேன், பின்சீட்டு ஏன் என்று சொல்கிறேன், எதையும் செய்யவில்லைங்க, செய்யணும்னு ஆசையும் இல்லைங்க, ஆனா வருது, நாளைக்கு ஏழு மணி நேரம் என்னால இந்தக் கதவுகிட்ட உக்கார முடியாது. சொல்லி முடித்தபோது அவர் ஜன்னலில் இல்லை. நகர்ந்திருந்தார். எங்கே நகர்ந்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது, ஷெட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற வாசல்படிக்கு முன்னால் நிற்கிறார், எனக்கும் பாப்பாவுக்கும் நடுவில். அவர் முகம் எனக்குத் தெரிந்த முகம், இந்த ஏழு வாரமாகக் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

பிறகு அவர் அலமாரிக்குப் போகிறார். அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவில் பழைய பிடி இருக்கிறது. அவர் பட்டறையில் உடைந்த எதையும் உடனே தூக்கிப் போட மாட்டார்கள், உடைந்த வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தால் யார் எப்படி உடைத்தார்கள், எங்கே பளு விழுந்தது என்று சொல்லிவிடுவாராம், ஆள் பொய் சொன்னாலும் இரும்பு சொல்லாது என்பார். எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார், ஆணியின் வளைவைக் கட்டைவிரலால் தடவுகிறார், வெகு நேரம். வந்து ஜன்னலில் நீட்டுகிறார், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று. “இங்க பாரு. ரெண்டு ஆணியும் உள்பக்கமாத்தான் வளைஞ்சிருக்குது. நீ உன்ற பக்கம் இழுத்திருக்கறே. இது சாத்தற புடி வினோ. தெறக்கறது முன்னால இருக்குது, அதைத் தள்ளோணும். நீ அதைத் தொடவே இல்ல. நீ கதவை இறுக்கிச் சாத்தியிருக்கறே, அவ்வளவுதான். மனசு என்னமோ நெனச்சிருக்கும், கை கொழந்தையக் காப்பாத்தியிருக்குது.” அவர் குரல் கெஞ்சுகிறது. எனக்கு அந்தப் பிடியை வாங்கிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது, அவர் நீட்டுகிற மாதிரியே, கை காப்பாற்றியது என்று, எவ்வளவு நல்ல வாக்கியம், அதை வாங்கிக்கொண்டால் அவர் தள்ளி நிற்க மாட்டார், உள்ளே போய்க் காப்பி குடிக்கலாம், அவர் எனக்காகவே இரும்பைச் சாட்சி சொல்ல வைக்கிறார். இரும்பும் பொய் சொல்லவில்லை. எங்கள் அப்பாவின் கார் அதற்குத் தெரியாது, இவருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும், நான் சொல்லாவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளை விடிகாலை அவர் நிம்மதியாக என்னை முன்சீட்டில் ஏற்றுவார், பாப்பாவை மடியில் வைப்பார். அப்பா கார்ல, என்கிறேன். “என்ன?” அப்பா கார்ல அந்த இடத்துலதாங்க தெறக்கற கொக்கி இருக்கும், இழுத்தாத் தெறக்கும், கை அந்தப் பழக்கத்துலதான் போச்சு, சாத்தறதுக்குப் போகல. அவர் பிடியை டப்பாவில் போடவில்லை, கையில் வைத்துக்கொண்டே ஷெட்டின் சுவரோரம் போய்ப் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து தரையைப் பார்க்கிறார். எனக்கு வண்டியை விட்டு இறங்கத் தோன்றவில்லை. “ஏன் சொல்லல” என்கிறார் தரையைப் பார்த்தபடியே. பாப்பாவைப் பிரிச்சுருவீங்கன்னு, என்கிறேன். “இப்ப மட்டும் ஏன் சொல்றே.” நீங்க நல்லா இறுக்கிப் போட்டுட்டீங்க, என்கிறேன், தெறக்கறது எதுன்னும் எனக்கு இப்பத் தெரியும், இன்னொரு தடவை எதுவும் கையோட வராது.

வீட்டுக்குள் அழுகை ஆரம்பிக்கிறது. முதலில் முனகல், பிறகு அந்த ஸ்வரம். “வினோதினி, முழிச்சுட்டா பாரு” என்று அத்தை குரல் கொடுக்கிறாள். என் மார்பு இரண்டும் உடனே கனக்கிறது, ரவிக்கை நனைகிறது, உடம்புக்கு எதுவுமே தெரியாது, அது தன் பாட்டுக்குப் பால் சுரக்கிறது. நான் கதவைத் திறந்து இறங்குகிறேன், லீவரைத் தள்ளித்தான். அவர் எழுந்துவிட்டார். “நீ இரு, நான் போறேன்” என்று வேகமாகப் போகிறார், கை கழுவாமலே போகிறார். இனி வர மாட்டார். உள்ளே அத்தையிடம் சொல்கிறார், இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார், சத்தியமங்கலத்துக்குப் போன் போடுவார்கள், அப்பா அந்தக் காரில் வருவார், என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போவார், பாப்பாவுக்குப் புட்டிப்பால் பழக்குவார்கள், ஊட்டுவதற்கு வேறு கை இருக்கும், பயில்வான் கதையை இனி யாரும் சொல்ல மாட்டார்கள், வேறு கதை சொல்வார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. சரிதான், அப்படித்தான் செய்ய வேண்டும், பாப்பா பத்திரமாக இருப்பாள், என்று நினைக்கும்போதே ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்துவிடுகிறேன். அழுகை நெருங்குகிறது. வாசலில் அவர், தோளில் பாப்பா, அவளுடைய வெள்ளைச் சட்டையில் அவர் விரல் பட்ட இடமெல்லாம் கிரீஸ். வந்து இரண்டு எட்டு தள்ளி நின்றுவிடுகிறார். பாப்பா என்னைப் பார்த்ததும் அழுகையோடு அழுகையாகச் சாய்கிறாள், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, விழுந்துவிடுகிற மாதிரி, அவர் இழுத்துப் பிடிக்கிறார். அவர் வாய் அசைகிறது, கேள்வி வரவில்லை, அதை எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, யாருக்குத்தான் தெரியும். எங்கிட்டக் குடுக்க வேண்டாங்க, என்கிறேன், நீங்களே புடிச்சுக்குங்க, கிட்ட மட்டும் வாங்க. அவர் வருகிறார். ஸ்டூலுக்கு முன்னால் சிமென்டுத் தரையில் முட்டி போட்டு, இரண்டு கையிலும் அவளை ஏந்தி என் மார்பளவுக்கு உயர்த்துகிறார், நான் சேலையை விலக்குகிறேன், அவள் கவ்விக்கொள்கிறாள், சத்தம் நிற்கிறது. என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். “திங்கக்கெழமை டாக்டர்கிட்டப் போலாம்” என்கிறார் மெதுவாக, பாப்பாவைப் பார்த்தபடி, “நானும் வர்றேன். ரெண்டு பேரும் சேந்தே சொல்லலாம்.” நான் தலையை ஆட்டுகிறேன், அவர் பார்க்கவில்லை. நாளைக்கு, என்கிறேன். “நாளைக்கு எங்கயும் போகல.” வாசற்படியில் அத்தை வந்து நிற்கிறாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. “இதென்ன கூத்துடா பூபதி, பால் குடுக்கறதுக்கு ரெண்டு பேரா?” அவர் திரும்பவில்லை. “ஆமாம்மா,” என்கிறார், “கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேர் வேணும்.” தரையில் ஊன்றிய முழங்காலை மாற்றி வைக்கிறார். ஏந்திய கை மட்டும் அசையவில்லை.